எதிர்த்துப் பேசாதவள்

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். தச்சரை வரச்சொல்லலாமா என்று ஒருமுறை என் கணவரிடம் கேட்டேன். வருகிறவன் நாற்காலியைப் பார்க்க வரமாட்டான், வீட்டை நோட்டம்விடத்தான் வருவான் என்றார். ஆமாங்க என்றேன். அதனால் அது அப்படியே ஆடிக்கொண்டிருக்கிறது.

என் கொழுந்தன் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அண்ணன் சாவு சாதாரண சாவு இல்லை, அண்ணியை விசாரியுங்கள் என்று சொல்லியிருப்பார். இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புருஷன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாதவள் என்றுதான் என்னைச் சொல்வார்கள். அவர் சாப்பாட்டில் நான் எதையும் கலக்கவில்லை. அவரைப் பிடித்துத் தள்ளவும் இல்லை. இருந்தாலும் நீங்கள் மெனக்கெட்டு வந்திருக்கிறீர்கள், முதலிலிருந்தே சொல்கிறேன்.

கீழே பூட்டிக் கிடக்கிறதே, அதுதான் எங்கள் ரொட்டிக் கடை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து நடத்தினார்கள். அவர் மாவு பிசைவார், தம்பி அடுப்பைப் பார்ப்பார், நான் முன்னால் நின்று விற்பேன். என் கணவர் கெட்டவர் இல்லை. கைத்தொழிலில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ஆனால் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. தம்பியை எல்லோரும் சின்னவர் என்போம், வாய்த்துடுக்குக்காரர். "அண்ணி, அண்ணன் பக்கத்துல மாவு பொங்கவே பயப்படுது. யாரைக் கேட்டுப் பொங்கினேன்னு கேட்டுடுவாரோன்னு" என்பார். என் கணவர் உள்பட எல்லோரும் சிரிப்போம்.

சிரிக்க முடிந்ததற்குக் காரணம் நான்தான். காலையில் மாவில் கை வைத்ததுமே அவருக்கு ஏதாவது ஒன்று தோன்றிவிடும். எதிர்க் கடைக்காரன் விளக்கை நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறானே, எதற்கு? மாவு வியாபாரி இன்று ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை? என்னைத் திரும்பிப் பார்ப்பார். "அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்பேன். ம் என்பார், பிசையத் தொடங்குவார். அவ்வளவுதான், அன்றைய சந்தேகம் அன்றோடு சரி. மாவைச் சலித்துக் கட்டி எடுப்பதுபோல அவர் மனதைத் தினமும் சலித்துக் கொடுத்தேன். இப்படி ஒரு வேலை நடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, ரொம்ப நாள்வரை எனக்கும் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். படிப்பை முடித்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நல்ல மழை பெய்த ஒரு சாயங்காலம், பேருந்து வராததால் கூட வேலை செய்கிற பையன் வண்டியில் வந்து இறங்கினாள். அவன் மழைக்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே திரும்பிப் போய்விட்டான். அவர் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இது இன்று நேற்று நடப்பதில்லை, ரொம்ப நாளாக நடக்கிறது என்றார். அப்படியெல்லாம் இருக்காதுங்க என்றேன். அவர் திரும்பி, "நீயும் அவளுக்குக் கூட்டா?" என்றார்.

பாப்பா ஈரத் தலையோடு நின்று எவ்வளவோ சொன்னாள். அவர் காதில் ஏறவில்லை. அவள் பெட்டியை அவரே எடுத்துப் படியில் வைத்தார், அவளை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார், நான் திறந்துவிடுவேனோ என்று. சின்னவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வேறு ஊருக்குப் பேருந்து ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல மாவில் கை வைத்தார். எதிர்க் கடை விளக்கைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். என் வாய்க்கு அந்தப் பழைய வார்த்தை வரவில்லை. "இருக்கும்ங்க" என்றேன்.

சாய்ந்து நின்ற சுவர் விலகிவிட்டதுபோல அவர் முகம் ஒரு கணம் தடுமாறியது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ குளிர்ந்தது மேடம். இந்த மனிதரை என்ன செய்யலாம் என்று இரவெல்லாம் யோசித்திருந்தேன். வழி அவ்வளவு எளிதாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் கடையில் நேற்றைய மாவில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்து இன்றைய மாவில் சேர்ப்போம். அதுதான் ரொட்டிக்குப் புளிப்பும் வாசனையும் தரும். மனிதர் மனதும் அப்படித்தான். நேற்று நினைத்ததில் ஒரு கைப்பிடி இன்றைக்கும் வந்து சேர்ந்துவிடும். நல்ல நினைப்பைச் சேர்த்துக்கொண்டே வந்தால் மனிதர் நல்லவர் ஆகிவிடுவார், கெட்டதைச் சேர்த்தால் அதுவாகவே ஆகிவிடுவார். அதுவரை நான் அந்தக் கைப்பிடியை எடுத்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அதன்பிறகு பத்திரமாக மூடி வைத்து அடுத்த நாள் எடுத்துக் கொடுத்தேன். நானாக அவருக்கு ஒரு சந்தேகத்தையும் உண்டாக்கவில்லை. எல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு.

முதலில் போனது முடிவெட்டுகிற நண்பர். இருவரும் கடை மூடும் நாள்களில் சதுரங்கம் ஆடுவார்கள். ஒருநாள் நண்பர் தோற்றார். வேண்டுமென்றே தோற்று என்னைக் கேலி பண்ணுகிறானோ என்றார் இவர். இருக்கும்ங்க என்றேன். அந்த ஆட்டப் பலகையை அதற்குப் பிறகு யாரும் விரிக்கவில்லை. தலைமுடியை அவர் தானே வெட்டிக்கொள்ள ஆரம்பித்தார். பின்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும், நான் எதுவும் சொன்னதில்லை.

பிறகு சின்னவர். எதிர்க் கடையிலும் எங்கள் ருசியில் ரொட்டி வந்தது. வராமல் இருக்குமா, எங்களிடம் வேலை பார்த்த ஆள்தான் அங்கே போயிருந்தார். ஆனால் இவரோ, தம்பிதான் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தார். அன்று அடுப்பறையில் சத்தம் கேட்டுப் போனேன். சின்னவர் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எப்போதும் கேலி பேசுகிறவர் கண்ணில் தண்ணீர்.

"அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அப்படிப்பட்டவனா?"

"எனக்கு என்ன தெரியும் தம்பி? உங்க அண்ணன் யோசிக்காம எதையும் சொல்ல மாட்டார்" என்றேன்.

அவர் என்னை அப்படிப் பார்த்ததை இப்போதும் நினைத்துக்கொள்வேன். பாப்பாவைப் பேருந்து ஏற்றிவிட்ட மனிதர் அவர். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைச் செய்யத் தொடங்கினால் பாதியில் விடக்கூடாது இல்லையா?

அதற்குள் என் கணவரின் நடையே மாறிவிட்டது. தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறிக்கொண்டன. தெருவில் போனால் கடைக் கண்ணாடிகளில் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே போவார். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொள்வார், அதனால் அவரைக் கண்டால் யாரும் சிரிப்பதில்லை. அது அவருக்கு இன்னொரு அத்தாட்சி. பிசைந்த மாவை மூடிப் பூட்டி வைத்தார். வேலையாள்கள் ஒவ்வொருவராக வேலையைவிட்டு நின்றார்கள். கடைசியில் தன் கடை ரொட்டியையே அவர் தொடவில்லை. நான் சமைத்ததை மட்டும், அதுவும் நான் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டியபிறகு சாப்பிடுவார். அந்த மழை நாளுக்குப் பிறகு என்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எதையோ மறைப்பதாக ஆகிவிடும்.

பாப்பா அவ்வப்போது எனக்குப் போன் செய்வாள். "அப்பா ஒரு வார்த்தை கூப்பிட்டா வந்துடுவேம்மா. சண்டைகூடப் போட மாட்டேன்" என்பாள். பார்க்கலாம்மா என்பேன். அவள் அறையைத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றி எப்போதும் தயாராக வைத்திருந்தேன். என் ஆசை எல்லாம் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வருவதுதான். வேறு எதற்காக இவ்வளவும்?

ஒருநாள் மத்தியானம், வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். ரொம்ப நாள் கழித்து முகம் தெளிவாக இருந்தது. "பாப்பாவைக் கூப்பிட்டா என்ன?" என்றார். அவரே தொடர்ந்தார். "வருவாளா? இல்ல, என்னை வெறுத்துப்போயிருப்பாளோ?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பழைய பார்வை. இல்லை என்று சொல், சொல்லிவிடு என்று கேட்கிற பார்வை. அவர் கூப்பிட்டு அவள் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அழுவார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். அவர் நல்ல அப்பா ஆகிவிடுவார். அந்த மழைச் சாயங்காலம் ஒன்றுமே இல்லாமல் போய்விடும்.

"வெறுப்பாத்தாங்க இருக்கும்" என்றேன்.

அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாப்பாவும் மெல்ல மெல்லப் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டாள்.

கடைசி விஷயம் மாத்திரை. அவருக்கு இதயத்துக்கு ஒரு மாத்திரை உண்டு, ஒருநாள் விடக்கூடாது. போன தடவை வாங்கியபோது அட்டையின் நிறம் வேறாக இருந்தது. "கம்பெனியில அட்டையை மாத்திட்டாங்கம்மா, மருந்து அதேதான்" என்று மருந்துக் கடைக்காரர் என்னிடம் விவரமாகச் சொன்னார். வீட்டில் அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வேற மாத்திரை மாதிரி இல்ல?"

"எனக்கும் அப்படித்தாங்க தோணுச்சு."

அன்றிலிருந்து அவர் அதை வாயில் போடவில்லை. அன்று நான் சொன்னது பொய். ஒத்துக்கொள்கிறேன். எண்ணிப் பார்த்தால் அந்த ஒன்றுதான்.

பிறகு அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பலாகியிருந்தது. டாக்டரைக் கூப்பிடு என்றார். நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். எடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்போது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்த டாக்டரும் அவங்க ஆளா இருப்பானோ?" என்றார்.

மூச்சு வாங்கியது. கண் மட்டும் என் முகத்திலேயே இருந்தது. மேடம், அந்தப் பார்வையை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இருக்காதுங்க என்று நான் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மருத்துவமனை அடுத்த தெருவில்தான் இருக்கிறது.

"ஆமாங்க" என்றேன். போனை மேஜைமேல் வைத்தேன். அவர் என் கையை விட்டுவிட்டார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாம் அடங்கும்வரை அவர் நெஞ்சைத் தடவிக் கொடுத்தேன். சட்டைப் பொத்தான்களையும் போட்டுவிட்டேன். ஆக, கேட்டதற்குப் பதில் இதுதான். அவரைக் கொன்றது நான்தான். வருத்தம் உண்டா என்றால், இல்லை.

பாப்பா வந்தாள். எட்ட நின்று அப்பா முகத்தைப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் அவள் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புது விரிப்பைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை.

"அப்பா என்னைக் கூப்பிடணும்னு நினைச்சாராம். நான் அவரை வெறுக்கிறதா நீங்கதான் சொன்னீங்களாம். மருந்துக் கடை வாசல்ல சித்தப்பாகிட்ட சொல்லி அழுதாராம். அப்படியாம்மா?"

உனக்காகத்தாம்மா என்றேன். அவள் கத்தவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். சின்னவர் கீழே வண்டியோடு நின்றிருந்தார்.

அதுதான் எனக்கு இடிக்கிறது. என் பெண் அப்படிப் பேசுகிறவள் இல்லை. யாரோ அவள் காதில் ரொம்ப நாளாக ஓதியிருக்கிறார்கள். சின்னவர் எதற்கு அந்த மழை நாளன்றே அவளைப் பேருந்து ஏற்றிவிட அவ்வளவு அவசரப்பட்டார்? என்னிடமிருந்து அவளைப் பிரிக்க அப்போதே திட்டம் போட்டிருப்பார். மருந்துக் கடைக்காரரும் அவருக்கு வேண்டியவர்தான். உங்களையும் அவர் வண்டியில்தான் கொண்டுவந்து இறக்கினார், ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் யாரையும் சந்தேகப்படுகிறவள் இல்லை, அந்தக் குணமெல்லாம் அவரோடு போயிற்று. கொஞ்சம் மெதுவாகப் பேசலாமா மேடம்? கதவுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள்.