கைப்பிடியைப் பிடித்து இறங்கியவர்

உங்கள் அறையில் தீயணைப்பானைச் சரியான உயரத்தில் மாட்டியிருக்கிறீர்கள், மேடம். உள்ளே வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். பல அலுவலகங்களில் அதன் மேல் குடை தொங்கும், இல்லாவிட்டால் யாராவது அதை மறைத்து ஒரு பீரோவை நகர்த்தி வைத்திருப்பார்கள். விசாரணைக்கு வந்த இடத்தில் இவளுக்கு இது தேவையா என்று நீங்கள் நினைக்கலாம். தொழிலகப் பாதுகாப்பில் முதுகலை கடைசி ஆண்டு படிக்கிறேன். கண் தானாக அங்கே போய் நிற்கிறது.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எனக்கு எதையும் ஒளிக்கத் தெரியாது.

கடைசிப் பருவத்தில் நாங்கள் ஆறு மாதம் ஒரு தொழிற்சாலையில் இருந்து ஆய்வேடு எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது அட்டைப்பெட்டி செய்யும் ஆலை. விபத்தை முன்கூட்டியே கணிப்பது என் தலைப்பு. ஓரிடத்தில் எத்தனை முறை கால் தடுக்கினால், எத்தனை முறை வழுக்கினால், அங்கே ஒருவர் நிஜமாகவே விழுவார் என்று ஒரு சூத்திரம் போட்டிருந்தேன். அழகான சூத்திரம். அம்மாவிடம் படித்துக் காட்டியபோது, "நல்லாத்தான் இருக்கு, முதல்ல வந்து சாப்பிடு" என்றாள்.

அதன்படி பருவம் முடிவதற்குள் கிடங்கு மாடிப்படியில் ஒருவர் விழுந்தாக வேண்டும். ஐந்தரை மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன். ஒரு ஆள்கூட விழவில்லை.

எல்லாம் அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரியால் வந்த வினை. ஆலையில் அவருக்குப் பெயர் 'கைப்பிடி சார்'. படியில் யாரைக் கண்டாலும், "கைப்பிடியப் பிடிச்சு இறங்குங்கப்பா" என்று வாய் ஓயாமல் சொல்வார். ஒருவரும் பிடிக்க மாட்டார்கள். அவர்கள் கையில் அட்டைக் கட்டு இருக்கும், இல்லாவிட்டால் போன் இருக்கும். அவர் மட்டும் மூட்டுவலிக்காரர். உடம்புப் பாரத்தையெல்லாம் கைப்பிடியில் போட்டு ஒவ்வொரு படியாக இறங்குவார். படியில் ஒரு சொட்டு எண்ணெய் கிடந்தாலும் பையிலிருந்து துணியை எடுத்து அவரே துடைத்துவிடுவார். வாசல் பலகையில் 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, தினமும் காலையில் எண்ணை மாற்றுவார். அப்போது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்கு. "ஆயிரம் வரட்டும்மா, உன் கையாலயே எழுத வைக்கிறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தார். தங்கமான மனிதர்.

பேராசிரியர் என் அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பலிக்காத கணிப்புக்குப் பேரு ஆராய்ச்சி இல்லம்மா, ஜோசியம். அடுத்த வருஷம் வேற தலைப்புல பண்ணு" என்றார். ஒரு வருடம், மேடம். என்னோடு படித்தவர்களெல்லாம் வேலைக்குப் போய்விடுவார்கள், நான் மட்டும் மறுபடி பெஞ்சில் உட்கார வேண்டும்.

படியில் எண்ணெய் ஊற்றலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் பாரம் தூக்கி வருகிறவர் விழலாம், மசக்கையில் இருக்கும் பெண் விழலாம். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கைப்பிடியின் போல்ட்டுகளைத் தளர்த்தினால், பிடிக்காமல் இறங்குகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆலையில் நூற்று எண்பது பேர். நூற்று எழுபத்தொன்பது பேருக்குத் துளி ஆபத்து இல்லை. இதைவிடப் பாதுகாப்பான வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தேன். தலைக்கவசம், கையுறை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தேன். படிக்குக் கீழே 'வேலை நடக்கிறது' பலகையையும் வைத்தேன். நான்கு போல்ட்டுகளைத் தளர்த்தி முடித்ததும் பலகையை எடுத்துவிட்டேன். வேலை முடிந்த பிறகு பலகையை அப்படியே விட்டுவைப்பது விதிமீறல்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவர் இறங்கினார். பதினான்கு படி.

முதலில் ஓடிப்போனது நான்தான். ஆளாளுக்கு அவரைத் தூக்க வந்தார்கள். முதுகெலும்பில் அடிபட்டவரை அப்படித் தூக்கக் கூடாது என்று தடுத்து, ஸ்ட்ரெச்சர் வரவழைத்தேன். நான் இல்லாவிட்டால் உயிரே போயிருக்கும் என்று மருத்துவர் சொன்னார். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மறுவாரம் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்தேன். இனி நடக்க மாட்டார் என்று அவர் மனைவி வராந்தாவிலேயே சொல்லிவிட்டார். அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"நீ முன்னாடியே எழுதிக் குடுத்தியேம்மா, இந்தப் படியில ஒருத்தர் விழுவாங்கன்னு. நான் போன வாரம்தான் ஒவ்வொரு போல்ட்டா முடுக்கிப் பாத்தேன். எப்படி விட்டேன்னே தெரியல" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"உங்களையே குத்தம் சொல்லிக்காதீங்க சார். ஆளைப் பழி சொல்லக் கூடாது, காரணத்தைத்தான் தேடணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பலகைய மாத்திட்டாங்களா?" என்று கேட்டார். பூஜ்யத்தை நான்தான் எழுதினேன் என்று சொன்னேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் எப்படி மாட்டிக்கொண்டேன் என்று உங்கள் உதவியாளர் சிரித்துக்கொண்டே கேட்டார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது? இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் எந்த வேலை செய்தாலும் அனுமதிப் படிவம் நிரப்ப வேண்டும். நிரப்பினேன். வேலை: கைப்பிடி போல்ட்டுகளைத் தளர்த்துதல். ஆபத்து: உயரத்திலிருந்து விழுதல். ஆபத்துக்கு உள்ளாகக்கூடியவர்கள்: ஒருவர். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எல்லாப் படிவங்களையும் சேர்க்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் ஐந்து மதிப்பெண் போய்விடும். சேர்த்தேன். பேராசிரியர் பின்னிணைப்பு வரைக்கும் படிப்பார் என்று யார் கண்டது?

ஆம், நான்தான் செய்தேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த அறையில் நான் இரண்டாவதாகப் பார்த்தது உங்கள் நாற்காலியை. அதன் இடது பின்கால் விட்டுப்போயிருக்கிறது. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் ஏழு முறை பின்னால் சாய்ந்திருக்கிறீர்கள். என் சூத்திரப்படி ஒன்பது.