உருண்டைப் படத்துக்கு ஓரம் கிடையாது

அன்னிக்கு ஹால்ல யாரு யாரு இருந்தாங்கன்னு நான் சொல்றேன் தம்பி, நீங்க யோசிச்சு சிரமப்பட வேணாம். முதலாளி. அவர் வீட்டம்மா. மேனேஜர்னு நீங்க. கணக்கர். துணி வெட்டுறவங்க ரெண்டு பேர். தையல் மெஷின்ல ஒம்பது பொம்பளைங்க. பஞ்சு அடைக்கிறவங்க மூணு. பேக்கிங் ரெண்டு. வண்டி டிரைவர். ஆக இருபத்தொண்ணு. படம் எடுத்த என்னையும் சேத்தா இருபத்திரெண்டு.

தப்பா எண்ணிட்டேனா? நானா? எட்டாவதோட நின்னவதான், ஒத்துக்கறேன். ஆனா இந்தக் கம்பெனி மெத்தைங்களப் பதினோரு வருஷமா படம் எடுத்து, ஒவ்வொண்ணுலயும் தையல் எத்தனைன்னு எண்ணிப் பழகுன கண்ணு இது.

முதலாளிதானே கேட்டாரு? காலண்டருக்கு உருண்டைப் படம் வேணும், நம்ம கம்பெனியே ஒரு குட்டி பூமி மாதிரி தெரியணும்னு. நடுவுல ஸ்டாண்டை நிறுத்தி, கடிகார முள்ளு ஒரு மணி நகர்ற அளவுக்குத் திருப்பித் திருப்பிப் பன்னெண்டு படம் எடுத்தேன். யாரும் அசையாதீங்கன்னும் சொன்னேன். என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே, பக்கத்துல நிக்கிறவங்களுக்கே கேக்காது. இருந்தாலும் இருபது பேர் அசையல.

அந்த ஒருத்தரா? நீங்கதான் தம்பி. மூணாவது படத்துல தையல்காரங்களுக்குப் பின்னாடி கையக் கட்டிட்டு நிக்கிறீங்க. பதினோராவதுல கதவுகிட்ட மறுபடியும் நிக்கிறீங்க. ரெண்டு மேனேஜர்! ஒருத்தரையே தாங்க முடியலையே அக்கான்னு அந்தப் பொண்ணுங்க அப்படிச் சிரிச்சாங்க. கதவுகிட்ட நின்ன உங்கள நான்தான் அழிச்சேன்.

இப்ப அந்தத் தையல் பொண்ணுங்கள்ல அஞ்சு பேரை அழிக்கணுமாக்கும். என்னது, ஓரமா வெட்டிடலாமா? அங்கதான் மாட்டிக்கிட்டீங்க. நீளப் படத்துல ஓரம் உண்டு, வேண்டாதவங்கள வெட்டி எறியலாம். இது அப்படி இல்ல. பன்னெண்டையும் ஒரே பட்டையா ஒட்டி, தலைகீழா கவுத்து, வட்டமா சுருட்டணும். அப்பத்தான் தரை நடுவுல போய் உருண்டையாகும், ஆளுங்க அதச் சுத்தி நிப்பாங்க. இந்தக் கடைசியும் அந்தக் கடைசியும் ஒட்டிக்கிச்சுன்னா ஓரம் ஏது?

ஆமா, பின்னாடி இருக்கிற சுவரை எடுத்து அவங்க மேல பூசிடலாம். அரை மணி நேர வேலை. உங்களையே பூசுனவளுக்கு அது தெரியாதா? முடியாதுன்னு சொல்லல தம்பி. மாட்டேன்னு சொல்றேன்.

காலண்டர் அழகா இருக்கணும்னா? எனக்கும் காது இருக்கு. பஞ்சுத் தூசில மூச்சு முட்டுது, ஜன்னலைத் திறங்கன்னு கேட்டதுக்கு அஞ்சு பேரையும் வெளிய அனுப்பிட்டீங்க. அவங்க தொழிலாளர் ஆபீஸுக்குப் போனதும், இவங்க யாருன்னே தெரியாது, இங்க வேலையே பாக்கலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வருகை நோட்டு தண்ணில ஊறிப் போச்சாம். அப்ப அவங்க இந்த மெஷின் முன்னாடி உக்காந்திருந்ததுக்கு மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி இந்தப் படம்தானே?

பூசி மெழுகுன படம் அங்க செல்லாதா? சரியாத்தான் சொல்றீங்க. நானும் அதையேதான் நெனச்சேன். அதனால உருண்டையைக் குடுக்கல. கையே வைக்காத பன்னெண்டையும், நீங்க ரெண்டு இடத்துல நிக்கிறதோட, கேமரா சிப்பாவே காலையில அந்த அஞ்சு பேர் கையில குடுத்துட்டேன்.

உக்காருங்க, உக்காருங்க. முதலாளிக்குப் போன் அப்புறம் போடலாம். பதினோரு மணிக்கு விசாரணை. எடுத்தது நான்தான்னு போய்ச் சொல்லணும். நாலு பேர் முன்னாடி பேசுனதே கிடையாது. பரவால்ல, பேசிப் பாக்குறேன். கேமராவும் ஸ்டாண்டும் அலமாரில இருக்கு, இந்தாங்க சாவி. என்னை யாரும் வெளிய அனுப்ப வேணாம், நானே நின்னுக்கறேன்.

இருபத்திரெண்டுல அவங்க அஞ்சு, நான் ஒண்ணு. மிச்சம் பதினாறு பேர்.