பொத்துவிலுக்குப் போகாத செய்தி

இஷாத் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் கேற்றைப் பூட்டி அரை மணி நேரம் இருக்கும். கடற்கரை ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் தெற்கே போனது.

ஓட்டியவன் றிம்சான். நம்முடைய கூட்டாளி நிஸாமின் மச்சான். அப்போது கல்முனையில் கொம்பியூட்டர் கடை வைத்திருந்தான். இப்போது கடை இல்லை. இப்போது யார் எதைக் கேட்டாலும் உடனே ‘ஓம்’ என்று சொல்லவும் மாட்டான்.

ரோட்டில் லைட் இல்லை. இடது பக்கம் கடல். வலது பக்கம், இறந்தவர்களை அடக்குகிற மையவாடியின் மதில். மதில் முடியும்வரை அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பயம் இல்லை... வெட்கம்.

அந்தப் பள்ளிவாசலில் ஒரு பழைய சேர்வர் இருந்தது. ஊரில் ஒருவர் மௌத்தானால், வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களின் போனுக்கெல்லாம் அதுதான் மரணச் செய்தி அனுப்பும். ஆனால் கரண்ட் போய் வந்தால் ஒரு கோளாறு. நெட்வேர்க் எழும்புவதற்கு முன்பே செய்தி அனுப்பும் சேர்விஸ் எழும்பிவிடும். வழி கிடைக்காமல் அப்படியே நின்றுபோகும். பிறகு ஆள்தான் அதை எழுப்ப வேண்டும். றிம்சான் இருந்த இடத்தில் இருந்தே, போனில் செய்துவிடுவான்.

முந்திய வெள்ளிக்கிழமை அச்சிமுகம்மது மௌத்தானார். காலையில் கரண்ட் போய் வந்திருந்தது. பள்ளிவாசல் செயலாளர் மிஹ்லார் போனில் கோல் எடுத்தார்.

“மெசேஜ் போயிட்டா தம்பி?”

றிம்சான் அக்கரைப்பற்றில் ஒரு கலியாண வீட்டில், சஹன் சோற்றில் கை வைத்திருந்தான்.

“ஓம், போயிட்டு.”

கை கழுவியதும் பார்ப்போம் என்று நினைத்தான். பார்க்கவில்லை.

ஊருக்கு ஒலிபெருக்கி இருந்தது. ஊர் வந்தது. பொத்துவிலில் இருந்த ஸைனுலாப்தீன் வரவில்லை. மையத்தாய்க் கிடந்த அச்சிமுகம்மதின் கூடப் பிறந்த காக்கா, அண்ணன் அவர். ஒரு வயல் வரம்புச் சண்டையால் இரண்டு பேருக்கும் பல வருடம் கதை பேச்சு இல்லை. அதனால் வீட்டில் ஒருவரும் அவருக்குக் கோல் எடுக்கவில்லை. பள்ளிச் செய்தி போகும், வருவதென்றால் வரட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

அஸர் தொழுகைக்குப் பின் அடக்கினார்கள். மண் போடும்போது ஒருவர் சொன்னார்: “கல்லு மனசு. தம்பிர முகத்தப் பாக்கவும் வரல்லயே.”

றிம்சான் பக்கத்தில்தான் நின்றான். அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தான். சேர்விஸ் நின்றுகிடந்தது. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் ஸைனுலாப்தீன் வந்தார். கையில் ஒரு பை தோடம்பழம். தம்பிக்குச் சுகமில்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்று கேட்டார்: “இப்ப எப்பிடி இருக்கான்?”

விசயம் பள்ளிவாசலுக்கு வந்தது. மிஹ்லார் றிம்சானைக் கூப்பிட்டுக் கேட்டார். ஸைனுலாப்தீனும் அங்கேதான் நின்றார்.

“போயிருக்கு. இவர்ட போன் ஓஃப்பா இருந்திருக்கும்,” என்றான் றிம்சான்.

அந்த மனிசன் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழை தன்னுடையதுதான் என்று நம்பிவிட்டார்.

இது நடந்து சில நாளில் திரும்பவும் கரண்ட் போய் வந்தது. இந்த முறை சேர்வரை வீட்டிலிருந்து பிடிக்க முடியவில்லை. மிஹ்லாரிடம் இருந்த ஒரே சாவியை வாங்கிக்கொண்டு றிம்சான் அந்த இரவு மோட்டார் சைக்கிளில் நேரே போனான். உள்ளே போய்க் கேற்றை உள்பக்கமாகப் பூட்டி, சாவியை சேர்வருக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தான்.

அது சந்தூக்கு வைக்கிற அறை. மையத்துத் தூக்குகிற அந்தப் பெட்டி சுவரோரம் இருந்தது. அவன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தான்.

பார்த்தான். கேபிள் கழன்றிருந்தது. அழுத்தினான். டிக். நெட்வேர்க் வந்தது. சேர்விஸை எழுப்பப் போனான். ஏற்கனவே ஓடுகிறது என்றது திரை. நிறுத்தினான். ஓடுகிறது என்றது. கேபிளைக் கழற்றிக் கையில் பிடித்தான்...

பச்சை லைட் துடித்துக்கொண்டே இருந்தது.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பள்ளிச் செய்தி. அச்சிமுகம்மது. இன்று அஸருக்குப் பின் நல்லடக்கம்.

கற்பூர வாசம் வந்தது. பழைய வாசம் இல்லை. மையத்துக் குளிப்பாட்டிய கையோடு வருகிற ஈர வாசம். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. சொட்... சொட்...

“மெசேஜ் போயிட்டா தம்பி?”

மிஹ்லார் வந்துவிட்டார் என்று நினைத்தான். வாய் முந்திக்கொண்டது.

“ஓம், போயிட்டு.”

சொட்டுவது நின்றது. மேசையில் கிடந்த சாவியை அவன் அப்போதுதான் பார்த்தான். காதுக்குப் பக்கத்தில் குளிர்ந்தது.

“காக்காக்குமா?”