ரொட்டி நசுங்காத கத்தி

ரொட்டி அறுக்குற கத்திக்குப் பல்லு பெருசா இருக்கணும் ஏட்டையா. நெறையப் பேருக்கு அது தெரியாது. பொடிப் பல்லுக் கத்தி பாக்க அழகா இருக்கும், அறுத்தா தட்டெல்லாம் தூளாக் கெடக்கும். அருவாமனையில வச்சா ரொட்டி நசுங்கிப்போகும். கத்தியப் பத்தித்தான மொதல்ல கேட்டீக, அதுலருந்தே சொல்றேன். நிதானமா எழுதுங்க, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்.

எம் பேரு சாந்தம்மாள். பெரிய தொர பங்களாவுல சமையலுக்கு இருந்தவ. தொரசாணிதான் எனக்கு ரொட்டி சுடக் கத்துக்குடுத்துச்சு. மைதா மாவுல கொஞ்சம் கள்ளு ஊத்திப் பெசஞ்சு, துணி போட்டு மூடி வச்சா உப்பி வரும். தொர சீமைக்குப் போன பெறகு வந்த மேனேஜருக்கு மூணு வேளையும் சோறுதான். என்னையத் தேயிலைக் கொழுந்து பறிக்க அனுப்பிட்டாக. நான் விடல. கூலிக்காரக குடியிருக்கிற லயத்து வீட்டுல பிஸ்கெட் தகரத்த அடுப்புல வச்சு, மூடி மேல தணல அள்ளிப் போட்டு, நானாச் சுட்டுப் பழகிக்கிட்டேன். பங்களா ரொட்டிக்கு அது ஒண்ணும் கொறஞ்சதில்ல.

கத்திதான் இல்லாமப் போச்சு. வண்டிப்பெரியாறு பாஸ்கலண்ணன் கடைக்குப் போனேன். ஒரு கத்தி தொரமாரு சாமானோட ஏலத்துல வந்தது, கொம்புக் கைப்பிடி. அந்த வெல நமக்கு ஆகாது. இன்னொண்ணு பளபளன்னு பொடிப் பல்லு. அடியில கெடந்த மரக்கைப்பிடிக் கத்திய நானே தோண்டி எடுத்தேன். பல்லு அலை அலையா இருந்துச்சு, ரொட்டிய விட நீளம். கைப்பிடி ஆடுதான்னு பாத்தேன். நகத்துல வச்சு இழுத்துப் பாத்தேன், அமுக்காமலே புடிச்சுச்சு. வெலையும் சல்லிசு. எனக்கு ரொட்டி நசுங்கக் கூடாது, நசுங்குனா இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிரும். அதனால அதையே எடுத்துக்கிட்டேன்.

காகிதத்துல சுத்திக்கிட்டே பாஸ்கலண்ணன் கேட்டாரு: "வீட்ல யாருக்கும்மா காய்ச்சல்?"

அவரு கேட்டது தப்பில்ல. நம்ம லயத்துல காய்ச்சல் வந்தாத்தான ரொட்டி. கம்பவுண்டர் பாலும் ரொட்டியும்னு சொன்னா வாங்குவாக. சும்மா இருக்கவ ரொட்டி தின்னா, "என்னடி, மாசமா இருக்கியா"ன்னு கேலி பேசுவாக. நானும் யோசிக்காம, "எம் மகளுக்கு"ன்னு சொல்லிட்டேன். எம் மக ராமுத்தாயி அப்ப எதுத்த ஜவுளிக் கடையில கல்யாணச் சேலை பாத்துக்கிட்டு இருந்தா. மாப்பிள்ளை சங்கையாவும் கூட நின்னான். அவளுக்கு அன்னைக்கி ஒரு தலவலி கூட இல்ல.

அந்த வாய்தான் என்னைய இங்க கொண்டாந்து உக்கார வச்சிருக்கு. அவ செத்து, துட்டி கேக்க வந்த பாஸ்கலண்ணன் சங்கையா கிட்ட, "பாவம், கத்தி வாங்கும்போதே பிள்ளைக்குக் காய்ச்சல்னு அம்மா சொல்லுச்சே"ன்னாரு. சங்கையா என்னையத் திரும்பிப் பாத்தான். கத்தி வாங்குனது சேலை எடுத்த அன்னைக்கித்தான், அந்த நாள அவன் மறப்பானா. நேரா உங்ககிட்டதான் வந்தான்.

நல்ல பய ஏட்டையா. அவன் மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். போடியில ஏலக்காய் மண்டியில வேலை. குடிக்க மாட்டான். அவ பின்னாடியே நிழலாட்டம் நிப்பான். அதப் பாத்தாத்தான் எனக்கு வயிறு எரியும்.

உங்களுக்குப் பிள்ளைக இருக்கா? இருந்தா புரியும். அவ அப்பா செத்தப்ப அவ கைப்பிள்ளை. அவள ஆயா கொட்டகையில விட்டுட்டு நான் பங்களாவுல தொர பிள்ளைக்கு ரொட்டி ஊட்டிக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் வந்தா எம் மக எங்கிட்ட வர மாட்டா, ஆயா சேலையப் புடிச்சுக்கிட்டு அழுவா. அவளுக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் தொரசாணி எனக்கு லீவு குடுக்கும், ஒரு துண்டு ரொட்டியும் குடுக்கும். பாலுல நனைச்சு ஊட்டுவேன். எம் மடியவிட்டு எறங்க மாட்டா. நோவுல கெடந்தப்பத்தான் ஏட்டையா அவ எனக்கு மகளா இருந்தா. மத்த நாளெல்லாம் ஊருக்குப் பிள்ளை.

இப்பக் கல்யாணம்னு மலையெறங்கிப் போறா. போனா பெறகு பொங்கலுக்கு ஒரு தடவ, தலைப் பிரசவத்துக்கு ஒரு தடவ. கொஞ்ச நாள் கெடக்கட்டும், தேதி தள்ளிப் போகட்டும்னுதான் நெனச்சேன். அதுக்கு மேல ஒண்ணும் நெனைக்கல.

ராமுத்தாயி கிட்ட ஒரு பழக்கம், நான் வாயில வைக்காம அவ வைக்க மாட்டா. அதனால மாவ ரெண்டாப் பெசஞ்சு ஒரே தகரத்துல பக்கம் பக்கமா வச்சுச் சுட்டேன். ஒரு பாதியில செடிக்கு அடிக்கிற மருந்து, துளிதான். வெந்து வந்தா ஒரே ரொட்டியாத்தான் தெரியும். அந்தக் கத்தி அப்படியே சுத்தமாப் பிரிச்சுக் குடுத்துச்சு. என் பாதிய நான் திம்பேன், அவ பாதிய ஊட்டிவிடுவேன். அவ வாந்தி எடுப்பா, நான் தாங்கிப் புடிப்பேன். ரொட்டி குடுத்தனால நோவா, நோவுனால ரொட்டியான்னு லயத்துல ஒருத்தி கூடக் கேக்கல. கம்பவுண்டரே வயித்துக் கோளாறு, ரொட்டியே குடுங்கன்னாரு.

சித்திரையில வச்ச கல்யாணம் ஆவணிக்குப் போச்சு. அம்புட்டு நாளும் அவ எம் மடியிலதான். "அம்மா, நீ பங்களாவுல இருந்தப்ப உன்னைய எம்புட்டுத் தேடுவேன் தெரியுமா"ன்னு ஒரு நாள் சொன்னா. கேட்டு அழுதுட்டேன். அது பொய் அழுகை இல்ல ஏட்டையா.

ஆவணியும் தள்ளிப் போகும்னு நெனச்சப்ப சங்கையா ஆரஞ்சுப் பழத்தோட வந்து நின்னான். "இனித் தள்ள வேணாம் அத்த. படுத்துக் கெடந்தாலும் பரவால்ல, தாலி கட்டிக் கூட்டிட்டுப் போயி எங்க ஊரு பெரியாஸ்பத்திரியில காட்டுறேன்"னான். அவ சிரிச்சா. என்னையப் பாத்து அப்படி ஒரு நாளும் சிரிச்சதில்ல.

அவன் பஸ்ஸுக்குப் போனதும் எந்திரிச்சு உக்காந்தா. "அம்மா, ரொட்டி குடும்மா. தெம்பு வரணும்ல, நடந்துதான் போகணும் மணவறைக்கு"ன்னா. அறுத்துக் குடுத்தேன். எப்பவும் ஒரு துண்டோட போதும்பா. அன்னைக்கி, "இன்னொண்ணு"ன்னா. பெறகும் கேட்டா. பிள்ளை வாயத் தொறந்து கேக்கும்போது எந்தத் தாய் இல்லேன்னு சொல்லுவா? கத்தியும் நல்ல கத்தி, துண்டு மெல்லிசு மெல்லிசா விழுந்துச்சு. வெளிச்சம் போறதுக்குள்ள அவளும் போயிட்டா.

என்ன ஏட்டையா, பேனாவ வச்சுட்டீக? கேக்கணும்னு நெனச்சதக் கேளுங்க.

ஆமா, என் பாதி அப்படியேதான் இருந்துச்சு. நான் ஒரு வாயிதான் தின்னுருந்தேன். அதுலருந்து அறுத்துக் குடுத்திருக்கலாம். கத்தி என் கையிலதான இருந்துச்சு.

அதத் தின்னா அவ தெம்பா எந்திரிச்சுப் போயிருவாளே ஏட்டையா.