பற்றரியை மாற்றியவர்

பெயர்: வேலாயுதர் அப்புத்துரை. வயது: 74. தொழில்: ஓய்வுபெற்ற படவரைஞர். முகவரி: குமரபுரம், பரந்தன். பதியப்படும் மொழி: தமிழ், வாக்குமூலம் தருபவரின் வேண்டுகோளின்படி.

நான் மேற்படி முகவரியில் மனைவி கமலாசனியுடன் வசிக்கிறேன். இம்மாதம் 9ஆம் திகதி இப்பொலிஸ் நிலையத்தில் நான் செய்த முறைப்பாடு பிழையானது. அதைத் திருத்துவதற்காக இன்று 19ஆம் திகதி வந்துள்ளேன்.

கடந்த டிசெம்பர் மாதம் எனது காரின் பழைய பற்றரி பழுதானதால், பரந்தன் சந்தியில் திருத்தகம் நடத்தும் கிருசாந்தன் என்பவர் எனது வேண்டுகோளின்படி புதியதொன்றைப் பூட்டித் தந்தார். ரசீதும் தந்தார். அதன் பின்னர் ஜனவரி நடுப்பகுதியில், மனைவியின் சக்கரக் கதிரை ஆடாமல் நிற்பதற்காகக் காரின் பின்பெட்டிக்குள் இரண்டு மரச்சட்டங்களை நானே திருகாணியால் பூட்டினேன். அதன் பின்னர் இரண்டு நாள் நிறுத்திவைத்தால் கார் ஸ்ராட் வரவில்லை. மனைவியை இரண்டு தடவை கிளினிக்குக்குக் கொண்டுபோக முடியவில்லை. இரண்டாம் தடவை அவர் சேலை உடுத்தியபடி மத்தியானம் வரை காருக்குள் இருந்தார்.

நான் கிருசாந்தனிடம் சென்றேன். அவர் சோதித்துவிட்டு, "ஐயா, பற்றரியில பிழையில்லை. கார் நிக்கேக்கையும் ஏதோ கரண்டைக் குடிக்குது. ரெண்டு நாள் விட்டிட்டுப் போங்கோ, ஒவ்வொரு பியூசாக் கழட்டிப் பாத்துத்தான் பிடிக்கலாம்" என்றார். பிறகு சிரித்து, "காருக்கும் உங்களைப் போல வயசு போட்டுது" என்றார். அங்கு நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தப் பகிடி என் மனதில் தங்கியது. இதை மறைத்தால் இவ்வாக்குமூலம் முழுமையாகாது. நான் காரை விடாமல் திரும்பிவிட்டேன்.

அதன் பின்னர் மனைவியின் தமையன் மகன் சுதாகரன் வீட்டுக்கு வந்து பற்றரியைப் பார்த்து, "மாமா, உங்கட புதுசைக் கழட்டி வித்துப்போட்டுப் பழசைப் பூட்டியிருக்கிறான். நீங்கள் வாய் திறக்கமாட்டீங்கள் எண்டு அவனுக்கு நல்லாத் தெரியும்" என்றார். ரசீதில் பற்றரியின் இலக்கம் இருந்தது. ரசீது அலுமாரிக்குள் இருந்தது. நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அளவு பார்க்காமல் ஒரு கோடும் கீறாதவன் நான்.

9ஆம் திகதி சுதாகரனுடன் இங்கு வந்தேன். அன்று சிங்களத்தில் எழுதினார்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவர், "பற்றரியை மாத்தினது ஆர்?" என்று கேட்டார். "கிருசாந்தன்தான் மாத்தினவர்" என்றேன். எங்கள் பேச்சில் பழுதானதை எடுத்துவிட்டுப் புதியதைப் பூட்டியவரும் மாத்தினவர்தான். நல்லதை எடுத்துவிட்டுப் பழையதை வைத்து ஏமாற்றியவரும் மாத்தினவர்தான். எந்தப் பொருளில் சொன்னேன் என்று இன்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். உறுதியான பதில் இல்லை. எழுதியதை வாசித்துக் காட்டியபோது எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டிக் கையெழுத்திட்டேன். மறுநாள் கிருசாந்தன் கைதாகி, நீதிமன்ற உத்தரவின்படி பதினான்கு நாள் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டார்.

15ஆம் திகதி அவரது மனைவி யதுர்ஷிகா என் வீட்டுப் படலையடிக்கு வந்து, தங்கள் சட்டத்தரணி தமிழில் பெயர்த்து எழுதிக் கொடுத்த எனது முறைப்பாட்டை வாசித்தார். 'எனது புதிய பற்றரியைக் களவாக எடுத்துப் பழையதை வைத்தார்' என்று அதில் இருந்தது. "களவெண்டு சொன்னீங்களோ ஐயா?" என்று கேட்டார். "இல்லைப் பிள்ளை" என்றேன். "அப்ப இது ஆற்றை கையெழுத்து?" என்றார். "பியூசைக் கழட்டிப் பாக்கோணும் எண்டு அவர் அப்பவே சொன்னவரெல்லோ" என்றுவிட்டுப் போனார்.

அன்றே ரசீதை எடுத்துப் பார்த்தேன். இலக்கம் ஒன்றாகவே இருந்தது. மறுநாள் காலை மின்னோட்டம் அளக்கும் மீற்றர் ஒன்றை இரவல் வாங்கி, பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி இடையில் தொடுத்துப் பார்த்தேன். சாவி கையில் இருக்கும்போதே 0.6 அம்பியர் ஓடியது. அதன் பின்னர் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அளவை எழுதி, மீண்டும் பூட்டினேன். ஒன்பதாவதைக் கழற்றியபோது அளவு 0.03 ஆக விழுந்தது. அது பின்பெட்டிப் பக்கம் போகும் வயருக்கு உரியது. சந்தேகம் தீர மூன்று தடவை செய்தேன். மரச்சட்டத்தைக் கழற்றினேன். நான் பூட்டிய திருகாணி தகட்டைத் துளைத்து, அடியில் ஓடும் வயரின் உறையைக் கிழித்திருந்தது. துருவுக்கும் ஈரத்துக்கும் ஊடாக, பியூஸ் எரியாத அளவுக்கு, மின்சாரம் ஒழுகிக்கொண்டிருந்தது. திருகாணியையும் ரசீதையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நேற்று வவுனியா சென்று விளக்கமறியலில் கிருசாந்தனைப் பார்த்தேன். திருகாணியைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தபோது அவர், "வயருக்கு இன்சுலேசன் ரேப் சுத்தினீங்களோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வேற ஆணி கிட்ட இருக்கோ?" இல்லை என்றேன். "அப்ப கார் சரி. அம்மாவைக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கோ" என்றார். உடனே உள்ளே போய்விட்டார்.

கிருசாந்தன் எனது பொருள் எதையும் களவெடுக்கவில்லை. அவரை விடுவிக்குமாறு கேட்கிறேன். அது நீதிமன்றத்தின் கையில் இருப்பதாகவும், வழக்கு 24ஆம் திகதிதான் என்றும் எனக்குச் சொல்லப்பட்டது. பிழையான முறைப்பாட்டுக்காக என்மீது நடவடிக்கை எடுக்கப்படலாம் என்றும் சொல்லப்பட்டது. இதை நானே வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அனைத்தும் உண்மை. எந்த நடவடிக்கைக்கும் உடன்பட்டுக் கையொப்பமிடுகிறேன்.

வே. அப்புத்துரை