மஞ்சள் காருக்கு எத்தனை மாடு

— டயரைப் பத்தி நான் இன்னும்...

— டயரை விடு ஃபிகிலே. வந்து உக்காந்ததுலேர்ந்து டயர், டயர்...

— ...சொல்லி முடிக்கல. பின் டயர் ரெண்டு மட்டும் பன்னெண்டாயிரம் ராண்ட். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஒரு மாடு.

— எதுக்கெடுத்தாலும் மாட்டுக் கணக்கு சொல்லாத. பக்கத்து மேஜைக்காரன் மெல்லுறதை நிறுத்திட்டுக் கேக்கறான்.

— கேக்கட்டும். போன மாசம் உன் சித்தப்பாவும் என் பெரியப்பாவும், எனக்காக உங்க வீடு எங்கப்பாவுக்குக் குடுக்கற பரிசத்தைப் பேசினது மாட்டுலதானே? ஒரு மாட்டுக்குப் பன்னெண்டாயிரம்னு ரெண்டு வீடும் ஒத்துக்கிட்டுத்தானே எழுந்தாங்க? எனக்கு இப்ப அந்தக் கணக்குதான் வாயில வருது.

— சரி. டயர் ஒரு மாடு. முடிஞ்சுதா?

— பிரேக். நாலு சக்கரத்துக்கும் மாத்தினா ரெண்டு மாடு.

— அதை யாரு வருஷா வருஷம் மாத்தறாங்க?

— வருஷா வருஷம் வேண்டாம். ஆனா நீ வாங்கப்போறது பதினோரு வருஷப் பழைய வண்டி. இதுல இருக்கற பிரேக் தேஞ்சாச்சு, அடுத்த மழைக்குள்ள மாத்தியாகணும்னு எழுதியிருக்கு. பெட்ரோல், உம்லாசிலேர்ந்து துறைமுகத்துக்கு நீ போய் வர மட்டும், நாலு மாசத்துக்கு ஒரு மாடு. ஞாயித்துக்கிழமை இங்க வந்து நாலு பேர் திரும்பிப் பாக்க உறுமினா அது தனி.

— உறுமத்தானே அந்த வண்டி? நானூறு குதிரை உள்ள இருக்கு, கத்தாம இருக்குமா?

— குதிரைக்குத் தீனி யாரு போடறது?

— யாரு எழுதினது இதெல்லாம்? குடு பாக்கலாம். அட, சர்ச் நோட்டீஸ் பின்னாடி, பென்சில்ல. எட்டு போடத் தெரியாத ஆள் போல. ரெண்டு முட்டையை ஒண்ணு மேல ஒண்ணு வெச்சிருக்கான்.

— விஷயம் தெரிஞ்சவங்க எழுதினது.

— நீ வேலை பாக்கற ஆஸ்பத்திரில கார் விஷயம் தெரிஞ்சவன் யாரு? ஆம்புலன்ஸ் டிரைவரா? அவன் ஓட்டற லட்சணத்துக்கு நோயாளி இறங்கி நடந்தே போயிடுவான்.

— சிரிக்க வைக்காத. கடைசி வரியைப் படி.

— இன்சூரன்ஸ். மாசம் நாலாயிரம். அது சும்மா, விசாரிச்சா குறைப்பாங்க.

— உம்லாசி விலாசத்துக்கு, வாசல்ல பூட்டற கேட் இல்லாத வீட்டுக்கு, அந்த மாதிரி வண்டிக்கு எவன் குறைப்பான்? வருஷத்துக்கு எவ்வளவு?

— எனக்குக் கணக்குத் தெரியும்.

— தெரிஞ்சா சொல்லு.

— நாப்பத்தெட்டாயிரம்.

— நாலு மாடு, புசானி. உன் சித்தப்பா அழுது குறைச்ச அதே நாலு மாடு.

— மெதுவாப் பேசு.

— மெதுவாப் பேசினா மட்டும் என் காதுல விழாதா? கையை எடுங்க, பலகை சுடும். மாட்டு விலா ஒரு கிலோ, இந்தப் பக்கம் சோளக்களி.

— வாங்க தோலி அக்கா.

— நான் வரல, இறைச்சிதான் வந்திருக்கு. ஆறு மாட்டு மாப்பிள்ளைக்குன்னு சொன்னாங்க, உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்கேன்.

— அக்கா, அந்தப் பேரை விட்டுருங்க.

— நான் வெச்ச பேரா? உன் சித்தப்பா முசாதான் அன்னிக்கு இதே பெஞ்சுல உக்காந்து ஊருக்கே சொன்னான். 'பத்துல ஆரம்பிச்சாங்க, ஆறுல கொண்டாந்து நிறுத்தினேன்'னு. எப்படிக் கண்ணைக் கசக்கினான்னு எழுந்து நின்னு நடிச்சும் காட்டினான். நல்லா நடிச்சான், பொய் சொல்லக் கூடாது. என் செலவுல ஒரு பீர் குடுத்தேன். என்னம்மா, நீ கை வைக்கலியா?

— பசிக்கல அக்கா.

— பசிக்காத பொண்ணு இந்தப் புகைல எதுக்கு உக்காரும்? தம்பி, என்னவோ தப்பாப் பேசியிருக்க. எதுவா இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுரு. நான் போறேன், அடுப்புல கொழுப்பு பத்திக்கிச்சு.

— பாத்தியா ஃபிகிலே? இந்த வாய்களை அடைக்கத்தான் எனக்கு அந்தக் கார் வேணும்.

— வாயை அடைக்கவா? மஞ்சள் கார்ல வந்து இறங்கினா என்ன சொல்லுவாங்க தெரியுமா? மாமனாரை ஏமாத்தி வாங்கின வண்டின்னு சொல்லுவாங்க. இப்பவே எனக்குத் தலை நிமிர முடியல. போன ஞாயிறு சர்ச்ல பின் வரிசைல ரெண்டு பேர் ஆறு விரலைக் காட்டிச் சிரிச்சாங்க. அம்மா பாத்தும் பாக்காத மாதிரி பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிட்டே இருந்தா.

— எனக்கு மட்டும் பெருமையா? நான் அங்க இல்லவே இல்ல. பேச்சு நடக்கற இடத்துக்கு மாப்பிள்ளை வரக் கூடாது, மாமனார் முகத்தைப் பாக்கக் கூடாதுன்னு வழக்கம். சித்தப்பா அங்க போய் என்ன சொல்லுவார்னு எனக்கு எப்படித் தெரியும்?

— அப்புறம் தெரிஞ்சுதே.

— ம்.

— எங்க வாசல்ல நின்னு அவர் சொன்னதை நான் ஜன்னலுக்குப் பின்னாடி இருந்து கேட்டேன். 'எங்க பையன் ரெண்டு வேன் மாறி வேலைக்குப் போறான். செருப்பு தேஞ்சு காகிதமா ஆயிருச்சு. ஒப்பந்த வேலை, இன்னிக்கு இருக்கும் நாளைக்குப் போகும். பத்து மாடுன்னா அவனுக்குக் கல்யாணமே எட்டாது.' பெரியப்பா எட்டுக்குக் கீழ வர மாட்டேன்னுட்டார். அப்பாதான் உள் அறைலேர்ந்து ஆள் அனுப்பி ஆறு போதும்னு சொன்னார். 'எம் பொண்ணைக் கடன்காரன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்'னு.

— சித்தப்பா சொன்னதுல ஒரு பொய் இருக்கா? ரெண்டு வேன் மாறித்தான் போறேன். செருப்பைப் பாரு.

— பொய் இல்ல. அதான் இன்னும் கேவலமா இருக்கு. நிஜமான கஷ்டத்தைச் சொல்லி அவர் மனசைக் கரைச்சு, அந்த நாலு மாட்டை நாளைக்குக் காலைல கார் கடைல முன்பணமாக் கட்டப்போற.

— அது என் காசு. பத்து மாட்டுக்குன்னு பன்னெண்டு வருஷம் சேத்தேன். ஆறு போக மிச்சம் என்னுதுதானே?

— மிச்சமாம்.

— நீ கப்பல் பக்கம் வந்து பாத்ததில்ல ஃபிகிலே. ஒரு நாளைக்கு நாப்பது புதுக் காரைக் கப்பல் வயித்துலேர்ந்து வெளிய ஓட்டிட்டு வரேன். ஒவ்வொண்ணும் முன்னூறு மீட்டர். சீட்டுல பிளாஸ்டிக் உறை, அதை உரிக்கக் கூடாது. ரேடியோவைத் தொடக் கூடாது. மூணாவது கியர் போட்டா வேலை போயிரும். வரிசைல நிறுத்திட்டு இறங்கினா, எங்களை ஒரு ஓட்டை வேன்ல ஆடு மாதிரி அடைச்சு மறுபடியும் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பன்னெண்டு வருஷமா கார் ஓட்டறேன், ஒரு காருக்குக் கூட நான் பெட்ரோல் போட்டதில்ல.

— தெரியும்.

— உனக்குத் தெரியாது.

— தெரியும் புசானி. வேன்ல என் பக்கத்துல உக்காந்து வரும்போது உன் கால் சும்மா இருக்காது. டிரைவர் மிதிக்கும்போதெல்லாம் நீயும் மிதிப்ப. அதைப் பாத்துத்தான், கார் வாங்கட்டுமான்னு நீ கேட்டப்போ நான் குறுக்க பேசல.

— அப்ப இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— இந்தக் காகிதம் வந்துச்சு. உன் சம்பளம் பதினெட்டாயிரம். பாங்க் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல் மூணும் போனா கைல அஞ்சாயிரம் நிக்கும். ஆறு வருஷத்துக்கு. குழந்தை பொறந்தா எதுல பால் வாங்குவ? டிக்கியைத் தட்டினா வருமா? நாளைக்கு நீ கையெழுத்துப் போட்டா, அக்டோபர்ல கல்யாணம் நடக்கும்னு எனக்குத் தோணல.

— ஒரு காருக்காகவா?

— காருக்காக இல்ல. எங்கப்பா முகத்துக்காக.

— உங்கப்பாவுக்கு இப்ப என்ன குறைஞ்சு போச்சு? நீதானே சொன்ன, கார் கம்பெனில சூப்பர்வைசர்னு. நாலு மாடு அவருக்கு ஒரு பெரிய விஷயமா?

— அப்படி நினைச்சுத்தான் வாயைத் திறக்காம இருந்தியா?

— பின்ன? இல்லாத வீடுன்னா, பத்தையும் குடுத்துட்டு வாங்கன்னு சித்தப்பாவைத் திருப்பி அனுப்பியிருப்பேன். சத்தியமா.

— சத்தியம் பண்ணாத.

— சத்தியமாத்தான் சொல்றேன். என்ன, தலையைக் குனிஞ்சுக்கிட்ட?

— ஒண்ணுமில்ல. கடைல யார்கிட்டயாவது இந்தச் செலவெல்லாம் விசாரிச்சியா?

— விக்கறவன் எங்க சொல்லுவான்? ஆனா அங்க ஒரு பெரியவர் இருக்கார். வில்சன்னு, கார் கழுவறவர். மூணு சனிக்கிழமையாப் போறேன், மூணு தடவையும் அவர்தான் அந்த மஞ்சள் காரை வெளிய தள்ளி, துடைச்சு, எனக்குக் கதவைத் திறந்து விட்டார். அவர் துடைக்கறதைப் பாக்கணும் நீ. குழந்தைக்கு மூக்கு துடைக்கற மாதிரி. கிளம்பும்போது ஒரு இருபது ராண்ட் குடுப்பேன்.

— அவர்கிட்ட என்ன பேசுவ?

— சும்மா பேச்சுதான். காது குடுத்துக் கேப்பார். இந்தக் காலத்துல அப்படி யாரு கேக்கறாங்க?

— நேத்து என்ன பேசின?

— நேத்தா? திங்கக்கிழமை கையெழுத்துங்கற சந்தோஷத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன். முன்பணம் எப்படிச் சேத்தன்னு கேட்டார். சித்தப்பா கதையைச் சொன்னேன்.

— அழுத கதையா?

— அழுத கதைதான்.

— நடிச்சுக் காட்டினியா?

— கொஞ்சம். மூக்கை உறிஞ்சறது மட்டும்.

— சிரிச்சாரா?

— இல்ல. எந்த வீட்டுப் பொண்ணுன்னு கேட்டார். குமேதே வீடுன்னு சொன்னேன். அவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைச்சுட்டு இருந்தார். துடைச்ச இடத்தையே திரும்பத் திரும்பத் துடைச்சார். அப்புறம், 'இந்த டயர் என்ன விலைன்னு தெரியுமா தம்பி'ன்னார்.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். வயசானவங்க திடீர்னு பேச்சை எங்கியோ கொண்டு போயிருவாங்க. கை ஈரமா இருந்துதா, நான் நீட்டின காசை வாங்காம நின்னார். நானே அவர் சட்டைப் பைல சொருகிட்டு வந்தேன்.

— அவர் வீட்டுப் பேரைக் கேட்டியா?

— சட்டைல வில்சன்னு தச்சிருக்கு.

— அது முதலாளி கூப்பிட வசதியா வெச்ச பேரு. ஒரு பெரியவரைப் பாத்தா எந்த வீடு, எந்தக் குலம்னு மொதல்ல கேக்கணும்னு உங்க வீட்டுல சொல்லித் தரலியா? வேன்ல பக்கத்துல உக்கார்றவரைக் கூடக் கேப்ப. கேட்டுட்டுக் குலப்பேர் சொல்லி வணக்கம் வெப்ப.

— வேன் வேற. கார் கழுவற இடத்துல போய் யாரு குலம் கேக்கறாங்க?

— கேட்டிருந்தா சொல்லியிருப்பார்.

— சரி, அடுத்த தடவை கேக்கறேன். அதுக்கு ஏன் அழுற? அக்கா இந்தப் பக்கம் பாக்கறாங்க, கண்ணைத் துடை. இறைச்சியும் ஆறிப் போச்சு.

— நான் உங்கிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன்.

— என்ன பொய்?

— எங்கப்பா சூப்பர்வைசர் இல்ல.

— அதுக்கா இவ்வளவு? என்னவா இருந்தா எனக்கென்ன? எதுக்குப் பொய் சொன்ன?

— வெக்கம். நாம முதல்முதலாப் பேசின அன்னிக்கு, கப்பல்லேர்ந்து கார் இறக்கறேன்னு நீ அவ்வளவு பெருமையாச் சொன்ன. எங்கப்பாவும் கார் கம்பெனிதான், சூப்பர்வைசர்னு என் வாயில வந்துருச்சு. அப்புறம் மாத்திச் சொல்லத் தைரியம் வரல. இன்னிக்குக் காலைல, சர்ச்லேர்ந்து வந்ததும், அப்பாகிட்டயே அதைச் சொல்லிட்டேன். உங்களைப் பத்தி இப்படிப் பொய் சொல்லி வெச்சிருக்கேன்ப்பான்னு.

— திட்டினாரா?

— இல்ல. பென்சில் இருக்கான்னு கேட்டார்.

— பென்சிலா?

— அந்த எட்டு அவர் போட்டது.

— ஃபிகிலே. உங்கப்பா என்ன வேலை பாக்கறார்?

— முழுசாக் கேட்டுக்கோ, என்னால ரெண்டாவது தடவை சொல்ல முடியாது. ஆறுன்னு சொன்னது ஆறுதானாம், அதை மாத்த மாட்டாராம். முதல் ரெண்டு சனிக்கிழமை நீ குடுத்தது கார் துடைச்சதுக்குக் கிடைச்சதாம், அதுக்கு ரொட்டி வாங்கிட்டாராம். நேத்து குடுத்தது மட்டும் மருமகன் கைலேர்ந்து வாங்கினதா ஆயிருச்சு, அதை வெச்சுக்க முடியாதுன்னு சொன்னார். இந்தா, உன் இருபது ராண்ட்.