பத்தில் மூன்று குச்சி

ஆமாம். நான்தான் எடுத்தேன். வேறு யாரும் இல்லை.

மேடை ஏறும்போது மூன்றாவது மேஜையிலிருந்து ஒரு குரல் கேட்டது. வியாழக்கிழமைச் சாப்பாட்டைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது யார் என்று. நியாயமான கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி முறைப்படி வணக்கம்.

இந்தக் கடைசி வியாழக்கிழமை விருந்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் சுற்றுலா, விருந்தோம்பல் மேலாண்மைத் துறையின் தலைவர், கோபத்தையும் கஞ்சி போட்டு மடித்து வைத்திருக்கும் ஹேமாவதி மேடம் அவர்களே! இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பயிற்சி உணவகத்தின் முதல் அடுப்பைப் பற்றவைத்த, ஓய்வு பெற்றும் ஓயாத ஜெபராஜ் சார் அவர்களே! தாம்பரம் மார்க்கெட்டில் கீரைக் கூடையை அடுத்த கடையில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் கிளியம்மாள் அக்கா அவர்களே! பம்மல் ஷேர் ஆட்டோவை மரத்தடியில் நிறுத்திவிட்டு நான்காவது மேஜையில் அமர்ந்திருக்கும் சேட்டு அண்ணன் அவர்களே! பெருங்களத்தூரிலிருந்தும் பீர்க்கன்கரணையிலிருந்தும் பசியோடு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! சமையலறைக் கதவிடுக்கில் நின்று எட்டிப் பார்க்கும் என் மாணவச் செல்வங்களே! பருப்பு அடிபிடிக்கிற வாசனை வருகிறது, ஒருவராவது உள்ளே போங்கள். எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அனுப்பிரியா. இந்தத் துறையில் உதவிப் பேராசிரியர். புதிய பாடத்திட்டக் குழுவின் செயலர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே கூடத்தில் மாணவி.

அப்போது கோட்டு மூன்று பேருக்கு ஒன்று. நீலக் கோட்டு. ஒருத்தி பரிமாறி முடித்ததும் கழற்றி அடுத்தவளிடம் கொடுப்பாள். தோளில் அவளுடைய வியர்வை இன்னும் சூடாக இருக்கும். நான்காவது மேஜை ஆடும். அதன் காலுக்கடியில் பஸ் டிக்கெட்டை மடித்துச் சொருகுவோம். ரயில் போனால் டம்ளர்களில் தண்ணீர் வட்டம் வட்டமாக அசையும். ரயில் நிலைய அறிவிப்பு காற்றில் வரும். சாம்பார் கரண்டியோடு நின்றுகொண்டு, கடற்கரை வரை செல்லும் வண்டி எந்த நடைமேடையில் வரும் என்று தெரிந்துகொள்வோம். சோறு வடிக்கும் ஆவியில் ஜன்னல் கண்ணாடி வெளுக்கும். அதில் விரலால் பெயர் எழுதுவோம். என் பெயரை நான் எழுதியதில்லை. அழிந்துவிடுமே என்று ஒரு பயம்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். வியாழக்கிழமைச் சாப்பாடு என்பது தேர்வு. மாணவர்கள் சமைப்பார்கள், மாணவர்கள் பரிமாறுவார்கள். மதிப்பெண் போடுவது ஆசிரியர் இல்லை, விருந்தாளி. முதல் வருடம் ஜெபராஜ் சார் ஆங்கிலத்தில் அழகான படிவம் அடித்து மேஜைக்கு ஒன்று வைத்தார். கிளியம்மாள் அக்கா அதைத் திருப்பிப் போட்டு, மீன் முள்ளை எடுத்து வரிசையாக அதன் மேல் வைத்தார்.

அக்கா ஏதோ சொல்கிறார். "இன்னா பண்ண சொல்ற, பேப்பரு வழவழனு இருந்துச்சும்மா" என்கிறார். சரிதான் அக்கா. அந்தத் தாளின் சரியான பயன் அதுதான்.

அடுத்த வாரம் படிவம் போயிற்று, குச்சி வந்தது. பல் குத்தும் குச்சி. விருந்தாளி ஒருவருக்குப் பத்து. எழுந்து போகும்போது, பரிமாறிய பிள்ளையின் டம்ளரில் மனசுக்குப் பட்டதைப் போட்டுவிட்டுப் போகலாம். பத்தும் போடலாம், பாதியும் போடலாம், போடாமலும் போகலாம். எழுதப் படிக்கத் தெரிய வேண்டாம். ஆங்கிலம் வேண்டாம். சாப்பிட்டிருந்தால் போதும்.

எந்தப் பல்கலைக்கழகம் கீரைக்காரரைத் தேர்வாளர் ஆக்கியது? எந்தக் கல்விக் குழு ஆட்டோ ஓட்டுநரின் கையில் மதிப்பெண்ணைக் கொடுத்தது? இது எப்பேர்ப்பட்ட புரட்சி...

ஜெபராஜ் சார் கையை ஆட்டுகிறார். "புரட்சியெல்லாம் இல்லம்மா. பெரிய ஓட்டல்காரங்களக் கூப்பிட்டேன், ஒருத்தரும் வரல. மார்க்கெட்டுல கேட்டேன், வந்தாங்க." அவ்வளவுதானாம். உண்மை இப்படித்தான் எப்போதும் சின்னதாக இருக்கிறது.

இனி என் டம்ளர்.

இறுதியாண்டு. நான் முதல் மாணவி. எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றாறு. விருந்தாளியிடமிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பார்வை அவர் மேல் இருக்க வேண்டும், கேட்பதற்கு முன் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் இருந்தது மொத்தமும் எனக்கு மனப்பாடம். நான்காவது மேஜைக்கு ஒருவர் வந்தார். பம்மலில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. பெயர் சேட்டு. ஒரு சொட்டு சிந்தாமல் பரிமாறினேன். ஒரு தவறு இல்லை. அவர் எழுந்து போனார். டம்ளரை எடுத்துப் பார்த்தேன்.

மூன்று குச்சி.

சாம்பாரைக் கொட்டிய பெண்ணுக்கு எட்டு. பாயசத்தில் உப்புப் போட்ட பையனுக்கு ஏழு. எனக்கு மூன்று. தங்கப் பதக்கம் அரை மதிப்பெண்ணில் போயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை. டம்ளரைக் கழுவி வைத்தேன். குச்சி மூன்றையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. பதினோரு வருடம் அவை என் பென்சில் டப்பாவில் இருந்தன.

போன மாதம் பாடத்திட்டக் குழு கூடியது. நான் எழுந்தேன். விருந்தினர் மதிப்பீடு புறவயமானது அல்ல என்றேன். அளக்க முடியாதது என்றேன். அதற்கான பாடமதிப்பு நான்கு கிரெடிட்டை விருந்தோம்பல் மென்பொருளுக்கு மாற்றலாம் என்றேன். நவீனம், நடுநிலை, நம்பகம் என்றேன். மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்கியதால் எல்லோரும் தலையசைத்தார்கள். ஏழு நிமிடம். டீ வந்தது. முடிந்தது.

அன்று மாலை தாம்பரம் மேம்பாலத்தில் ஸ்கூட்டரில் பாடிக்கொண்டே போனேன். ஒரு கல்வியாளர் கிரெடிட்டை மாற்றிவிட்டுப் பாடமாட்டார். கணக்குத் தீர்த்தவர்தான் பாடுவார்.

இதை இந்த மைக்கில் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. மைக்கும் ஒத்துழைக்கவில்லை. தம்பி, கொஞ்சம் கரகரப்பைக் குறைப்பா.

போன வியாழன். வழக்கமாக வருபவர்களிடம், அடுத்த வாரத்தோடு முடிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மரத்தடியில் சேட்டு அண்ணன். தொழிற்சாலை மூடியபின் ஆட்டோ. ஆனாலும் வியாழன் தவறியதில்லை.

"இன்னா மேடம், கடைய மூடறீங்களாமே?"

"கடை இல்லண்ணா. அது ஒரு பேப்பர்."

"பேப்பரோ கீப்பரோ. சோறு கீதா, இல்லியா?"

நான் என் பழைய கேள்வியைக் கேட்டுவிட்டேன். "பதினோரு வருஷம் முன்னாடி எனக்கு மூணு குச்சி போட்டீங்க. ஏண்ணா?"

என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அட! நீயா அது? தொளதொளனு நீலக் கோட்டு மாட்டிகினு... மூணா போட்டேன்? ஜாஸ்தி."

"நான் ஒண்ணும் சிந்தலையே."

"சிந்தல. எல்லாம் கரீட்டா வெச்ச. ஆனா நீ என் கையையே பாத்துகினு இருந்த."

கையை விரித்துக் காட்டி அவர் பேசினார்.

"தோல் ஷாப்பு சாயம், போவாது. அன்னிக்கு இங்க வரணும்னு எலுமிச்சம்பழம் தேச்சி, சீக்கா போட்டு, மூணு தபா கழுவிகினு வந்தேன். வூட்ல சிரிச்சாங்க, இன்னா பொண்ணு பாக்கவா போறனு. நீ கைய பாத்த. அப்பால ஒரு ஸ்பூன எடுத்தாந்து கிட்ட வெச்ச. அத்தோட சோத்த பெசையவே கை வரல."

"அப்ப அந்த மூணு எதுக்குண்ணா?"

"ஒண்ணு தண்ணிக்கு, கேக்காமலே ஊத்தின. ஒண்ணு பாயசத்துக்கு. இன்னொண்ணு, பாவம், பொண்ணு நின்னுகினே கீதேனு."

"நான் வேற எங்கதான் பாத்திருக்கணும்?"

"ஜன்னல பாரேன். ரயிலு போவுதுல்ல? மன்சன் ரெண்டு வாய் நிம்மதியா துன்னட்டும்."

இதை இங்கே சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். "சொல்லு, பரவால்ல. ஆனா சோறு ஆறிடும், சுருக்கா சொல்லு" என்றார். இதோ, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். முடித்துவிடுகிறேன் அண்ணா.

படித்து முடித்ததும் நாவலூரில் ஓர் ஓட்டலில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கணினி நிறுவனங்களிலிருந்து வருவார்கள். அதே ஒரு மீட்டர். அதே பார்வை. யாரும் குறை சொன்னதில்லை. இந்த ஏழு நாளாக ஒன்றை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். அங்கே சாப்பிட்ட எவருடைய கையாவது எனக்கு நினைவிருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. முகம் நினைவிருக்கிறது. வாட்ச் நினைவிருக்கிறது. கையை நான் பார்க்கவே இல்லை.

அப்படியானால் இங்கே மட்டும் ஏன் பார்த்தேன்?

இந்தக் கேள்விக்கு என் தொண்ணூற்றாறு மதிப்பெண்ணில் பதில் இல்லை. என் முதுகலையில் பதில் இல்லை. நான் எழுதிய புதிய பாடத்திட்டத்தின் அறுபத்திரண்டு பக்கங்களில் பதில் இல்லை.

திங்கட்கிழமை அந்த மென்பொருளை இயக்கிக் காட்டினார்கள். கண்ணில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டேன். பெட்டிக்குள் படமாக எதிரே ஒரு விருந்தாளி. நல்ல கோட்டு. எட்டு மொழியில் நன்றி சொல்கிறார். எனக்குப் பத்துக்கு ஒன்பதரை போட்டார். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தேன்.

அவருக்குக் கை இல்லை. முழங்கைக்குக் கீழே வரையவில்லை.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்.

மென்பொருள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அறைப் பதிவும் விலைப் பட்டியலும் அதில்தான் கற்க வேண்டும். இன்று ஓட்டல்கள் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் கை இல்லாத விருந்தாளியிடம் என் மாணவர்கள் எதைக் கற்பார்கள்? வெட்கப்படத் தெரியாத விருந்தாளியிடம் எதைக் கற்பார்கள்? வீட்டார் கேலி செய்ய, எலுமிச்சம்பழம் தேய்த்து, மூன்று முறை கை கழுவிக்கொண்டு வராத விருந்தாளியிடம் எதைக் கற்பார்கள்? பணிவைப் பாடமாக்கலாம். பார்வையை எந்தப் பக்கத்தில் அச்சடிப்பது? பரிமாறுதலைப் பட்டியலிடலாம். பார்க்காமல் இருப்பதற்கு எத்தனை கிரெடிட் கொடுப்பது? எனக்கு மூன்று குச்சிதான் கிடைத்தது. ஆனால் இந்தப் படிப்பில் யாராவது எனக்கு உண்மையைச் சொன்னார்கள் என்றால், அந்த மூன்று குச்சிதான் சொன்னது! அளக்க முடியாதது என்று நான் சொன்னேனே, அதைவிடச் சரியாக என்னை யாரும் அளந்ததே இல்லை!

தலைவர் அவர்களே. மேடம். நாளை காலை பதினோரு மணிக்குக் கல்விக் குழு. அங்கே நிறைவேறிவிட்டால் ஐந்து வருடத்துக்குத் தொட முடியாது. எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். பக்கம் பதினேழு. மென்பொருளுக்கு இரண்டு கிரெடிட், வியாழக்கிழமைக்கு இரண்டு. கூடவே ஒரு வரி: ஒவ்வொரு மாணவரும் ஒரு வியாழனாவது நான்காவது மேஜையில் விருந்தாளியாக உட்கார வேண்டும். யாராவது பார்த்துக்கொண்டிருக்கச் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

மேடம் சொல்கிறார்கள், "அனு, நூத்திருபது காப்பி பிரிண்ட் ஆயிடுச்சு."

நூற்றிருபதிலும் கையால் எழுதித் தருகிறேன் மேடம்.

"குழுவுல எழுந்து நின்னு, போன மாசம் நான் சொன்னது தப்புன்னு நீயேதான் சொல்லணும்."

சொல்கிறேன். இங்கே ஒத்திகை பார்த்துவிட்டேனே.

கிளியம்மாள் அக்கா எழுந்துவிட்டார். "எயுதி குடும்மா ஹேமா! பொண்ணு மைக்ல மூக்க உறிஞ்சினு நிக்குது, நீ காப்பி எண்ணினுகீற!" நம் துறைத் தலைவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் உரிமை இந்தக் கூடத்தில் அக்கா ஒருவருக்குத்தான் உண்டு. மேடமும் ஒரு காலத்தில் அக்காவுக்குப் பரிமாறியவர்தான். எத்தனை குச்சி வாங்கினார் என்பதை நான் கேட்க மாட்டேன்.

மேடம் பேனா மூடியைக் கழற்றி மேஜையில் வைத்திருக்கிறார்கள். "கையெழுத்து அடித்தல் திருத்தல் இல்லாம இருக்கணும்" என்கிறார்கள்.

இதற்கு மேல் பேசினால் நான் கெடுத்துவிடுவேன்.

என் தவறை உட்கார்ந்து கேட்ட உங்கள் பொறுமைக்கும், இருபத்துநான்கு வருடம் எங்கள் உப்பையும் உறைப்பையும் தின்று தீர்ப்புச் சொன்ன உங்கள் நாக்குக்கும் நன்றி. பதினோரு வருடம் கழித்துக் காரணம் சொன்ன சேட்டு அண்ணனுக்குத் தனியாக ஒரு நன்றி. சோறு இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. எல்லோருக்கும் வணக்கம்.

*

மேடையிலிருந்து இறங்கினேன். முதல் பிரதியில், பதினேழாம் பக்கத்தில், இரண்டு வரி எழுதினேன். மேடம் கையெழுத்திட்டார். பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு நான்காவது மேஜைக்குச் சோறும் சாம்பாரும் எடுத்துப் போனேன். பரிமாறினேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். செங்கல்பட்டு வண்டி போயிற்று.